எதிரியைக் காட்டாத யுத்தப் படங்கள்

எங்கள் உறையூர் வெக்காளியம்மனுக்குக் கூரை கிடையாது. வெயில், மழை, பனி எல்லாமே அம்மன் தலையில்தான். ஏன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் ஒரு முனிவரின் சாபத்தால் உறையூர் மேல் மண்மாரி பொழிந்ததாம். வீடுகள் புதைந்து போயின. சனங்கள் அலறிக்கொண்டு அம்மனிடம் ஓடினார்கள். உங்கள் எல்லோருக்கும் வீடு கிடைக்கும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் வெட்டவெளியில் உட்கார்ந்துவிட்டாள்.

சின்ன வயதில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம். வானத்திலிருந்து மண்ணைக் கொட்டியது யார்? அவன் எப்படி இருந்தான்? கதையில் அதற்குப் பதிலே இல்லை. கதையில் இருப்பதெல்லாம் ஓடிவந்த சனங்கள் மட்டும்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சில மாதங்களாகப் பைத்தியம் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வகைப் படங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. வேற்றுக்கிரகவாசிகள் பூமி மேல் படையெடுப்பார்கள். ஆனால் படம் எடுத்தவனிடம் காசு இருக்காது. அதனால் டாக்குமெண்டரி மாதிரி, டிவி செய்தி மாதிரி எடுத்திருப்பான். கேமரா ஆடும். ஒருவர் மைக்கைப் பார்த்துப் பேசுவார். தூரத்தில் புகை தெரியும். ஏலியன் மட்டும் கடைசிவரை சரியாகத் தெரியாது.

"இதெல்லாம் ஒரு சரித்திரமாடா?" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். சரித்திரம்தான். பொறுமையாகப் படியுங்கள் :-)

எல்லாம் தொடங்கிய இடம்

வேற்றுக்கிரகப் படையெடுப்பு என்ற கதை வகைக்கே மூலம் எச்.ஜி.வெல்ஸ். அவருடைய 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1897ல் பத்திரிகைத் தொடராக வந்து 1898ல் புத்தகமானது. செவ்வாய்க்காரர்கள் மூன்று கால் இயந்திரங்களில் வந்து இங்கிலாந்தைப் பொசுக்குகிறார்கள். இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? தாஸ்மேனியாத் தீவின் பூர்வகுடிகளுக்கு வெள்ளைக்காரர்கள் செய்த கொடுமை பற்றி அவர் அண்ணன் பேசியதிலிருந்து! திடீரென்று ஒருவன் வேறு உலகத்து ஆயுதங்களோடு நம் ஊரில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று இங்கிலாந்துக்காரனுக்குக் காட்டத்தான் அவர் இதை எழுதினார்.

நமக்கு இதைக் கற்பனை செய்ய அவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்லை. திருச்சிக் கோட்டைக்காக 1750களில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டார்கள். 1752 சூன் மாதம் பிரெஞ்சுப் படை சரணடைந்தது எங்கே என்றால், நம் ஸ்ரீரங்கத்தில். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், பீரங்கிகளோடு, வெளிறிப்போன முகங்களோடு, புரியாத பாஷை பேசிக்கொண்டு இரண்டு படைகள். அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த ஆளுக்கு அவர்கள் எந்தக் கிரகமாகத் தெரிந்திருப்பார்கள்?

வெல்ஸ் கதையின் முடிவும் நமக்குப் பழக்கமானதுதான். பீரங்கிகளால் வெல்ல முடியாத செவ்வாய்க்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் செத்துப்போகிறார்கள். உறையூருக்குக் கோழியூர் என்று இன்னொரு பெயர் உண்டு. சோழ ராசாவின் யானையை ஒரு கோழி எதிர்த்து விரட்டிய இடம் என்பது கதை. சின்னது பெரியதை விரட்டும் என்பது எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது!

செய்தி மாதிரி பொய்

நாவல் சரி, டாக்குமெண்டரி பாணி எங்கிருந்து வந்தது? வானொலியிலிருந்து.

1938 அக்டோபர் 30. அமெரிக்காவில் சி.பி.எஸ். வானொலியில் ஆர்சன் வெல்ஸ் (இவர் வேற வெல்ஸ், குழப்பிக்காதீங்க) அந்த நாவலை நாடகமாகப் போட்டார். நாடகம் மாதிரியே இல்லாமல் போட்டதுதான் விஷயம். நடன இசை ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் "ஒரு முக்கியச் செய்தி" என்று நிறுத்துவார்கள். மறுபடி இசை. மறுபடி செய்தி. நியூஜெர்சியில் ஏதோ விழுந்திருக்கிறது என்று ஒரு நிருபர் அங்கிருந்தே பேசுவார், பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுவிடும்.

அந்த நிருபராக நடித்தவர் அதற்காக ஒரு வேலை செய்தார். 1937ல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்தபோது ஒரு வானொலி நிருபர் அழுகையோடு வர்ணித்த ஒலிப்பதிவு இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அந்தத் தொனியை அப்படியே பிடித்துக்கொண்டார். அதாவது ஏலியன் கற்பனை. ஆனால் குரலின் நடுக்கம் நிஜத்திலிருந்து எடுத்தது. இந்த வகைப் படங்களின் முழு ரகசியமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு திருத்தம். "அன்றைக்கு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது" என்று நாம் படித்திருப்போம். அது மிகைப்படுத்தல். அன்றிரவு எடுத்த கணக்கெடுப்பில் 100க்கு 2 பேர்தான் அந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பயந்தவர்கள் உண்டு, ஆனால் நாடே அலறவில்லை. தங்கள் விளம்பர வருமானத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த வானொலியை மட்டம்தட்டப் பத்திரிகைகள்தான் ஊதிப் பெரிதாக்கின என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆக, பொய்ச் செய்தி பற்றிய செய்தியிலேயே பாதி பொய்!

ஆனால் எல்லா இடத்திலும் அது சிரித்துவிட்டுப் போகும் விஷயமாக இருக்கவில்லை. 1949 பிப்ரவரியில் ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகரில் ஒரு வானொலி நிலையம் இதையே ஸ்பானிய மொழியில், உள்ளூர்ப் பெயர்களோடு போட்டது. மக்கள் நம்பித் தெருவுக்கு வந்தார்கள். பொய் என்று தெரிந்ததும் கோபம் திரும்பியது. வானொலி இருந்த பத்திரிகைக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்தவர்களில் சிலர் செத்தே போனார்கள்.

1942: இரண்டு கடற்கரை நகரங்கள்

இப்போது நிஜத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர். 1942 பிப்ரவரி 24 நள்ளிரவு தாண்டி, லாஸ் ஏஞ்சலஸ் நகரம். முந்தின நாள்தான் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி கலிபோர்னியாக் கரையில் குண்டு வீசியிருந்தது. ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. வானத்தில் ஏதோ தெரிகிறது என்று சங்கு ஊதினார்கள். விளக்குகள் அணைந்தன. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சுமார் ஒரு மணி நேரம் வானத்தைப் பார்த்துச் சுட்டன. 1400க்கும் மேல் குண்டுகள். விடிந்து பார்த்தால் ஒரு விமானம்கூட விழவில்லை. எதிரியே வரவில்லை. வானிலை பலூன் ஒன்றைப் பார்த்துத்தான் இத்தனை கலாட்டாவும் ஆரம்பித்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அமெரிக்க விமானப்படை வரலாற்று அலுவலகம் எழுதியது. 2011ல் வந்த 'பேட்டில்: லாஸ் ஏஞ்சலஸ்' என்ற ஏலியன் யுத்தப் படத்துக்குப் பெயர் இங்கிருந்துதான் வந்தது.

அதே வருடம், ஆறு வாரம் கழித்து, நம்முடைய சென்னை. சிங்கப்பூர் பிப்ரவரியில் விழுந்துவிட்டது. ரங்கூன் மார்ச்சில். ஏப்ரல் 5 கொழும்பு மேல் குண்டு. ஏப்ரல் 6 விசாகப்பட்டினம், காக்கிநாடா மேல் குண்டு. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்று அரசாங்கத்துக்கே தகவல் வந்தது. வேலை இல்லாதவர்கள் ஊரைக் காலி செய்யுங்கள் என்று அறிவித்தார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு நகர்ந்தன. லட்சக்கணக்கான பேர் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கிளம்பினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று உயிரியல் பூங்காவில் இருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கப்பற்படை வரவே இல்லை. தகவல் தப்பு.

சென்னைக்கு இது புதுசும் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் நிஜமாகவே வந்து சுமார் 130 குண்டுகளைப் போட்டு எண்ணெய்க் கிடங்கைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தது. அந்தக் கப்பலின் பெயர் தமிழ் வார்த்தையாகவே ஆகிவிட்டது. இன்றைக்கும் கெட்டிக்கார, முரட்டு ஆளை "அவன் பெரிய எம்டன்" என்போம். 2006ல் 'எம்டன் மகன்' என்று ஒரு படம் ஆரம்பித்து, தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்குக்காக 'எம் மகன்' ஆனது நினைவிருக்கலாம்.

இந்த 1942 கதையை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே வீட்டில் கேட்டிருக்கிறேன். என் அப்பாவின் அப்பாயிக்கு அப்போது பத்து வயது. உறையூரில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியதாம். தூரத்துச் சொந்தம். ஏழு பேர், ஒரு வெண்கல அண்டா, ஒரு தையல் மிஷின். மாதக்கணக்கில் இருந்தார்கள். "ஜப்பான்காரன் எப்படி இருப்பான் அப்பாயி?" என்று ஒருமுறை கேட்டேன். "அவன எங்க சாமி பாத்தோம்? வந்தவங்க மூஞ்சியத்தான் பாத்தோம். அது போதாதா?" என்றார்.

அப்பாயி போன வருடம் தவறிவிட்டார். இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தப் பதில்தான் ஞாபகம் வருகிறது. திருச்சியில் ஆல் இந்தியா ரேடியோ 1939 மே மாதமே தொடங்கிவிட்டது. ஆனால் எங்கள் தெருவுக்குச் செய்தி கொண்டுவந்தது ரேடியோ அல்ல, அந்த ஏழு முகங்கள்.

காசில்லாதவன் கண்டுபிடித்த வழிகள்

சரி, சினிமாவுக்கு வருவோம். இந்த வகைப் படங்களில் பணமில்லாத குறையை மூன்று வழிகளில் சமாளித்திருக்கிறார்கள்.

முதல் வழி, அடுத்தவன் எடுத்த யுத்தத்தைக் கடன் வாங்குவது. 1950களின் அமெரிக்க மலிவுப் படங்களில் ராணுவத்தின் பழைய செய்திப்படத் துண்டுகளை வாங்கி நடுநடுவே ஒட்டிவிடுவார்கள். எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் ராணுவம் பீரங்கியால் சுடுவது நிஜக் காட்சி, அது சுடும் பறக்கும் தட்டு பொம்மை. ஒட்டு வெளிப்படையாகத் தெரியும். செம காமெடி. ஆனால் அரை நூற்றாண்டு கழித்து, 2013ல், இதே யோசனை 'தி கிரேட் மார்ஷியன் வார் 1913-1917' என்ற தொலைக்காட்சிப் படமாக வந்தபோது சிரிப்பு வரவில்லை. முதல் உலகப்போரின் நிஜப் படச்சுருள்களுக்குள் செவ்வாய் இயந்திரங்களைக் கம்ப்யூட்டரில் நுழைத்திருந்தார்கள். பதுங்குகுழியில் நிற்கும் சிப்பாய்கள் நிஜம். அவர்கள் முகத்தில் இருக்கும் களைப்பு நிஜம். வயதான வீரர்கள் பேட்டி கொடுப்பது போல நடிகர்கள் பேசுவார்கள். பாதிப் படத்தில் எனக்கு ஒரு மாதிரி குற்ற உணர்ச்சி வந்தது. அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்களோ, அவர்களை வைத்து விளையாடுகிறோமே என்று.

இரண்டாவது வழி, செய்தியாளனாகவே மாறிவிடுவது. இதற்குக் குரு பீட்டர் வாட்கின்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர். அவர் ஏலியன் படம் எடுத்தவர் அல்ல. ஆனால் இந்தப் பாணிக்கு இலக்கணம் போட்டவர். 1746ல் ஸ்காட்லாந்தில் நடந்த கலோடன் போரை, அங்கே ஒரு டிவி குழு இருந்திருந்தால் எப்படி எடுத்திருக்கும் என்று 1964ல் எடுத்தார். வாளோடு நிற்பவனிடம் மைக்கை நீட்டிப் பேட்டி! அடுத்து 1965ல் 'தி வார் கேம்': இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊர்ச் சாதாரண சனங்களை வைத்தே எடுத்தார். பணம் கொடுத்த பி.பி.சி.யே பயந்து ஒளிபரப்ப மறுத்துவிட்டது. 1985 வரை, அதாவது 20 வருடம், அது டிவியில் வரவில்லை. தியேட்டர்களில் ஓடி, சிறந்த டாக்குமெண்டரிக்கான ஆஸ்கர் வாங்கியது. நடக்காத ஒன்றைக் காட்டிய படத்துக்கு டாக்குமெண்டரி விருது!

மூன்றாவது வழி, நிஜமான இடத்துக்குப் போய், நிஜமான மனிதர்கள் நடுவே கற்பனையை வைப்பது. 2010ல் வந்த 'மான்ஸ்டர்ஸ்' படத்தை கேரத் எட்வர்ட்ஸ் இரண்டு நடிகர்களோடும் ஒரு வேனில் அடங்கும் குழுவோடும் மத்திய அமெரிக்க நாடுகளில் சுற்றி எடுத்தார். வழியில் பார்த்த ஆட்களே துணை நடிகர்கள். புயலில் சிதைந்த வீடுகளே யுத்தகளம். கிராபிக்ஸை அவரே வீட்டில் கம்ப்யூட்டரில் செய்தார். செலவு 5 லட்சம் டாலருக்கும் கீழ் என்றார்கள். ஹாலிவுட் கணக்கில் அது டீ செலவு.

இந்த மூன்றாவது வழியில் எடுத்ததில் என்னை ரொம்பவும் ஆட்டிவைத்தது நீல் பிளாம்காம்ப் எடுத்த குறும்படம் 'அலைவ் இன் ஜோபர்க்'. ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் ஏலியன்கள் அகதிகளாக வந்து சேரியில் வாழ்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் அவர்களைத் திட்டிப் பேட்டி கொடுக்கிறார்கள். அவ்வளவு இயல்பாக எப்படி நடித்தார்கள் என்றால், அவர்கள் நடிக்கவே இல்லை! ஜிம்பாப்வே மாதிரி பக்கத்து நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே ஏலியன் கதையில் வைத்துவிட்டார். இதை விரிவாக்கித்தான் 2009ல் 'டிஸ்டிரிக்ட் 9' வந்தது. சுமார் 3 கோடி டாலர் செலவு, அதனால் அதை மலிவுப் படம் என்று சொல்ல முடியாது. ஆனால் பாணி அதேதான். அந்தத் தலைப்பே கேப்டவுனின் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் பகுதியை நினைவுபடுத்துவது. 1966ல் அதை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து 60 ஆயிரம் பேரைக் காலி செய்ய வைத்தார்கள்.

வெல்ஸ் நாவலில் ஏலியன் ஆதிக்கக்காரன். பிளாம்காம்ப் படத்தில் ஏலியன் அகதி. நூறு வருடத்தில் கதை தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

நம்ம ஊர் ஏலியன்

தமிழில்? தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டும் தொழிலே நம் திருச்சியில்தான் ஆரம்பித்தது. 1905ல் இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படங்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். அப்படிப்பட்ட ஊர்க்காரனான நான் பெருமையாகச் சொல்ல ஒரு தமிழ் ஏலியன் டாக்குமெண்டரிப் படம் தேடினேன். பேர் சொல்லும்படி ஒன்றும் சிக்கவில்லை.

ஆனால் ஏலியன் படம் உண்டு. அதுவும் 1963லேயே! ஏ.காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி'. பறக்கும் தட்டு உண்டு. வேற்றுக்கிரகத் தளபதியாக நம்பியார் உண்டு. அவர் எதற்கு வருகிறார் தெரியுமா? அவர் கிரகத்தில் பாட்டும் நடனமும் இல்லையாம். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார். இங்கிலாந்தை எரிக்க வந்த செவ்வாய்க்காரன் எங்கே, பாட்டு வாத்தியார் தேடி வந்த நம்பியார் எங்கே!

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். 1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு. ஆறே மாதத்தில், 1963 ஏப்ரலில், 'கலை அரசி' வெளியாகிறது. எல்லைப் போரின் சாயல் அதில் துளியும் இல்லை. சீனப்போருக்கு அதே வருடம் சிவாஜியின் 'இரத்தத் திலகம்' தனியாக வந்தது. அன்றைய தியேட்டரில் படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷனின் நியூஸ் ரீல் கட்டாயம் ஓடும். யுத்தம் வேண்டுமா, நியூஸ் ரீலில் பார். கனவு வேண்டுமா, படத்தில் பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி எப்போதும் இருந்தது. அந்த இடைவெளியை அழிப்பதுதான் இந்தப் போலி டாக்குமெண்டரிகளின் வேலை. நம் ஆட்கள் அதை அழிக்க விரும்பவில்லை என்று தோன்றுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பாணியில் ஹீரோ இருக்க முடியாது. கேமராவுக்குப் பின்னால் யாரோ, முன்னால் பெயர் தெரியாத சனங்கள். எம்.ஜி.ஆர். முகத்தைக் காட்டாமல் ஆடும் கேமராவில் எடுத்திருந்தால் தியேட்டரில் திரை மிஞ்சியிருக்குமா? 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' படத்திலும் அதே கதைதான். பெரிய ஹீரோ, பெரிய கிராபிக்ஸ், ஏலியன் பூமியைக் காப்பாற்ற வந்த நல்லவன். அறுபது வருடத்தில் நம் ஏலியன்கள் கொஞ்சம்கூடக் கெட்டுப்போகவில்லை :-)

நாங்கள் எடுத்த படம்

ஆகவே நாங்களே எடுத்துவிடலாம் என்று இறங்கினோம். துறை விழாவுக்காக நான்கு பேர், ஒரு மொபைல், மொத்தச் செலவு 340 ரூபாய் (அதில் 200 பஜ்ஜி). காவிரி மணலுக்குள்ளிருந்து ஏதோ வெளியே வந்துவிட்டது, உறையூரை நோக்கி வருகிறது என்று கதை. செய்தி வாசிப்பவனுக்கு மேலே சட்டை டை, கீழே லுங்கி. ஏலியனைக் காட்டப் பணம் இல்லை, அதனால் காட்டவில்லை.

பேட்டிகளுக்கு பிளாம்காம்ப் செய்ததையே செய்தோம். கடைத்தெருவில் நின்று, "நம்ம ஊருக்குப் புதுசா வந்து குடியேறியிருக்கிறவங்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டோம். யார் என்று சொல்லவில்லை. யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை. வந்த பதில்கள் எல்லாம் வடமாநிலத் தொழிலாளிகளைப் பற்றி. சிலர் நல்லபடியாகப் பேசினார்கள். சிலர் பேசியதை இங்கே எழுத முடியாது. அதை ஏலியன் கதையில் ஒட்டிப் பார்த்தால் அட்டகாசமாகப் பொருந்தியது. எங்களுக்கு ஒரே குஷி.

டீக்கடையில் உட்கார்ந்து எடிட் செய்துகொண்டிருந்தோம். அங்கே பரோட்டா போடும் பீகார்க்காரர் எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். நான்கு வருடமாக இங்கே இருப்பவர், தமிழ் நன்றாகப் புரியும். முதலில் லுங்கியைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் பேட்டி வந்தது. "தம்பி, இது எங்களப் பத்தி தானே சொல்றாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நாங்கள் நான்கு பேரும் மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

2023 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு ஊர், வேறு சண்டை வீடியோக்கள். காயம்பட்ட தொழிலாளிகள் மாதிரி ஆட்களுக்குக் கட்டுப் போட்டு நடிக்கவைத்து பாட்னாவிலேயே எடுத்த வீடியோவும் அதில் உண்டு என்று பீகார் போலீஸ் சொன்னது. பயந்து பலர் ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே இங்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. பணமில்லாமல் எடுத்த போலி டாக்குமெண்டரிதான் அதுவும். எதிரியைக் காட்டவே தேவையில்லை, அடிபட்டவன் முகத்தைக் காட்டினால் போதும் என்ற அதே வித்தை. பரோட்டா போடும் அண்ணனின் வீட்டிலிருந்து அந்த வாரம் தினம் நான்கு தடவை போன் வந்ததாம்.

2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த நாட்களில் இன்னொன்று பார்த்தோம். வீடியோ கேம் காட்சிகள் நிஜக் குண்டுவீச்சு என்று சுற்றின. செய்தி சேனல்கள் பின்னணியில் சங்கு ஒலியைப் போட்டுக்கொண்டே இருந்தன. சங்கு ஒலியை நிகழ்ச்சிகளில் போடாதீர்கள், பழகிப்போனால் நிஜமாக ஊதும்போது மக்கள் சட்டை செய்ய மாட்டார்கள் என்று மத்திய அரசே சொல்ல வேண்டியிருந்தது. 1938ல் நாடகம் செய்தியின் வேடத்தைப் போட்டது. இன்றைக்குச் செய்தி நாடகத்தின் வேடத்தைப் போடுகிறது.

இதனால் இந்தப் படங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது. நல்ல போலி டாக்குமெண்டரி கடைசியில் "இது பொய்" என்று உங்களிடம் சொல்லிவிடும். ஒரு பொய்யை நம்பவைக்க எவ்வளவு குறைந்த சாமான் போதும் என்று அது கற்றுத்தருகிறது. ஆடும் கேமரா, நடுங்கும் குரல், ஓடும் சனங்கள். அவ்வளவுதான். ஒருமுறை நாமே எடுத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் வாட்ஸ்அப்பில் வரும் எதையும் பழையபடி பார்க்க முடியாது.

எங்கள் படத்திலிருந்து அந்தப் பேட்டிகளை வெட்டிவிட்டோம். 7 நிமிடப் படம் 4 நிமிடமானது. விழாவில் மூன்றாம் பரிசு. (மொத்தமே மூன்று படம்தான் போட்டியில்... ஹி ஹி.) பேட்டிக்குப் பதிலாக, ஒரு திண்ணையையும் அதில் ஒரு அண்டாவையும் தையல் மிஷினையும் காட்டி, 1942ல் இங்கே ஏழு பேர் வந்து தங்கினார்கள் என்று ஒரு வரி போட்டோம். அந்தப் படத்திலேயே அது ஒன்றுதான் நிஜம்.

பி.கு: உங்கள் வீட்டில் 90 வயதைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால், 1942ல் என்ன நடந்தது என்று உடனே கேட்டு மொபைலில் பதிவு செய்துவிடுங்கள். யார் வந்தார்கள், எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். நான் அப்பாயியிடம் கேட்டேன், ஆனால் பதிவு செய்யவில்லை.